யாரும் படிக்காத வரி

உங்கள் கேட் நோட்டில் பெயர் எழுதிவிட்டேன். ஊர், போன் நம்பர் எழுதிவிட்டேன். வண்டி நம்பர் இல்லை, பஸ்ஸில்தான் வந்தேன், அதற்கு ஒரு கோடு போட்டுவிட்டேன். யாரைப் பார்க்க என்பதற்கு ஃபிளாட் 304. இந்தக் கடைசிக் கட்டம்தான், வந்த காரணம் என்று போட்டிருக்கிறதே, அதில்தான் பேனா நிற்கிறது. எதையாவது எழுதுங்க சார், இதை எவன் படிக்கறான், மாசம் முடிஞ்சா பழைய பேப்பருக்குப் போயிரும் என்று சொன்னீர்கள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேட்டதும் எனக்குக் கை ஓடவில்லை. இதே பேச்சை நான் பதிமூன்று வருடம் பேசியிருக்கிறேன், வேறொரு கட்டத்தைப் பற்றி.

கொஞ்சம் இந்த நாற்காலியில் உட்காரலாமா? அந்த அம்மா வெளியே போயிருக்கிறார்கள் என்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. இல்லை, அவசரம் ஒன்றும் இல்லை. உங்கள் பெயர் சட்டையிலேயே இருக்கிறது. ராயப்பண்ணா என்று கூப்பிடுகிறேன்.

இந்தக் கவரை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். கூரியர்காரர் கொடுத்தால் வாங்குவீர்கள், வெறும் ஆள் கொடுத்தால் வாங்கக் கூடாது, அசோசியேஷன் விதி. சரிதான். விதி என்றால் விதி. போன வாரமும் வந்தேன் அண்ணா. எதிரே அந்த டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு காங்கயத்துக்கே பஸ் ஏறிவிட்டேன். நீங்கள் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எனக்குத் தொழில் வெப்சைட் செய்து தருவது. கம்ப்யூட்டர் ரிப்பேர் இல்லை, எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். காங்கயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேக்கரிக்கு மாடியில் அறை. ரைஸ் மில், எண்ணெய் மில், கல்யாண மண்டபம், பல் டாக்டர் என்று நாற்பது பேருக்கு நான்தான். அதில் ஒருவர் சென்னியப்பன் ஐயா. மாட்டுத் தீவன மில். 304 அம்மாவுக்கு அப்பா.

ஆமாம், அவர் இறந்துவிட்டார். கார்த்திகையில்.

ஒரு பக்கத்தை போனில் திறக்கிறீர்கள் அல்லவா, அதில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். பின்னால் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பின்பக்கத்தில், மேலே, கீவேர்ட் வரி என்று ஒன்று வைப்பார்கள். இந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று தேடுகிற இயந்திரத்துக்குச் சொல்ல. மாட்டுத் தீவனம், பருத்திப் புண்ணாக்கு, தவிடு, காங்கயம் என்று கமா போட்டுப் போட்டு எழுதிக்கொண்டே போவது. ஒரு காலத்தில் அதற்கு மதிப்பு இருந்தது. எல்லோரும் கண்டதையும் அதில் கொட்ட ஆரம்பித்ததும் தேடுகிற கம்பெனிகள் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டன. நான் தொழிலுக்கு வந்தபோதே அது செத்த வரி.

ஆனால் எங்களுக்கு அதில் ஒரு வசதி இருந்தது. கஸ்டமர் ஏதாவது உதவாததைக் கேட்பார். ஒரு லாட்ஜ்காரர் சுற்று வட்டாரத்தில் இருக்கிற கோயில் பெயரையெல்லாம் போடு என்பார். பல் டாக்டர் எதிர்த்த தெரு பல் டாக்டர் பெயரைப் போடு என்பார். முடியாது என்றால் கோபம் வரும். தெரிகிற மாதிரி போட்டால் பக்கம் கெட்டுவிடும். அதனால் அங்கே போட்டுவிடுவோம். போட்டாச்சுங்க என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. எவன் படிக்கிறான். கேட்டவருக்கும் சந்தோஷம், நமக்கும் தொந்தரவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் ஒருத்தன் மட்டும் செய்கிற காரியம் இல்லை.

சென்னியப்பன் ஐயா வந்தது சைட் போட்ட அடுத்த வருடம். படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்தார். தீவன மூட்டை வாயில் வைத்துத் தைப்பார்களே சீட்டு, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். சுகந்தி. சுகந்தி சென்னியப்பன். சுகந்தி, காங்கயம். அவ்வளவுதான்.

எனக்கு விஷயம் தெரியும். ஊருக்கே தெரியும். மகள் கட்டிக்கொண்டது கூடப் படித்த பையனை, வேறு ஆட்கள், கோயம்புத்தூரில் ரிஜிஸ்டர் ஆபீஸ். மூன்றாம் நாள் பங்காளிகள் அத்தனை பேரையும் நிறுத்தி வைத்து இவர் தலைமுழுகினார். எனக்கு மகன் கதிர்வேல் ஒருத்தன்தான் என்று ஈரத் துணியோடு நின்று சொன்னாராம். அந்த மனிதர்தான் சீட்டை மேஜைமேல் வைத்து விரலால் என் பக்கம் தள்ளினார்.

என்றைக்காவது அவள் தன் பெயரைப் போட்டுத் தேடிப் பார்ப்பாள், எல்லோரும் தன் பெயரைத் தேடிப் பார்க்கிறார்களாம், பேப்பரில் போட்டிருந்தான் என்றார். அப்போது நம் மில் வர வேண்டும். வந்தால் அவளுக்குப் புரிந்துவிடும். வேறொன்றும் எழுத வேண்டாம், வா என்றும் எழுத வேண்டாம். ஆனால் ஒன்று.

“பக்கத்துல தெரியக்கூடாதுங்க தம்பி. கதிர்வேல் பார்ப்பான். பங்காளிக பார்ப்பாங்க. உள்ள இருக்கோணும். அவளுக்கு மட்டும் வரோணும். அப்படி வருமுங்களா?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வராதுங்க ஐயா, அந்த வரியை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே வண்டியில் டிரைவர் காத்திருந்தான். நான் சொன்னேன்:

“வருமுங்க.”

எனக்குக் காட்டுங்கள் என்றார். நான் அன்றைக்கே போட்டுவிட்டு, அவர் கண்ணுக்கு முன்னால் தேடியும் காட்டினேன். சுகந்தி காங்கயம் மாட்டுத் தீவனம் என்று அடித்தேன். முதல் வரியில் அவர் மில்தான் வந்தது. காங்கயம் மாட்டுத் தீவனம் என்று மட்டும் அடித்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும். சுகந்தி என்கிற சொல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவருக்கு அது தெரியாது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். எழுந்து போகும்போது என் தோளைத் தொட்டார்.

அதற்குப் பிறகு தீபாவளிக்கு முன்னால் வருடத்துக்கு ஒரு தரம் வருவார். ஒரு சீட்டு. ஒரு வருடம் பள்ளிக்கூடத்தின் பெயர். ஒரு வருடம் பனிரெண்டாவதில் வாங்கிய மார்க், ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு. யாராவது மார்க்கைப் போட்டுத் தேடுவார்களா அண்ணா? ஒரு வருடம் அந்தப் பெண் வளர்த்த கன்றுக்குட்டியின் பெயர். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். வாங்கி, புண்ணாக்குக்கும் தவிட்டுக்கும் நடுவில் செருகிவிடுவேன். சீட்டை பில் குத்துகிற கம்பியில் குத்திவிடுவேன். கடைசியாக எண்ணும்போது நாற்பத்தொரு சொல் இருந்தது.

வருமுங்களா என்று மறுபடி அவர் கேட்டதே இல்லை. நான் ஒரு தரம் சொன்னது அவருக்குப் போதும்.

டீ வேண்டாம் அண்ணா. குடித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் சாப்பிடுங்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் மில்லுக்கு மில் மகள் பெயரில்தான் மாவும் எண்ணெயும் விற்கிறார்கள். சுகந்தி கன்றுத் தீவனம் என்று ஒரு மூட்டைக்குப் பெயர் வைத்து, அதை ஒரு பக்கமாகப் போட்டிருந்தால் போதும். பங்காளிகளுக்கு அது தீவனம். தேடினால் முதலில் வந்திருக்கும். ஐந்து நிமிட யோசனை. அந்த யோசனை எனக்குப் போன மாதம் வந்தது, கருமாதிக்குப் பிறகு. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது.

நான் பொய் பேசுகிற ஆள் இல்லை. கெட்டதும் ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு வயதானவருக்கு மனது ஆறுகிறதே என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் முன்னால் அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மில் மகன் கைக்கு வந்தது. கதிர்வேல் நல்ல பையன், விவரமானவன். போன ஆவணியில் கூப்பிட்டு, நம்ம சைட் ரொம்பப் பழசா இருக்குதுங்க, யாரோ ஒரு கம்பெனிக்காரன் வந்து சோதனை பண்ணி நூத்துக்கு அறுபத்திரண்டு மார்க்தான்னு காட்டறான், அவன்கிட்டக் கொடுக்கட்டுங்களா நீங்களே பண்றீங்களா என்றான். எனக்குச் சுருக்கென்றது. பத்துப் பனிரெண்டு வருடக் கஸ்டமர். நானே பண்ணுகிறேன் என்றேன்.

அந்தச் சோதனைக் கருவியை நானும் ஓட்டினேன். எங்கெங்கே தப்பு என்று சிவப்பில் வரிசையாகக் காட்டும். படங்கள் கனமாக இருந்தன, குறைத்தேன். உடைந்த இணைப்புகளைச் சரி செய்தேன். பதினேழாவது சிவப்பு: காலாவதியான கீவேர்ட் வரி, நீக்கவும். நான் அதைத் திறந்து பார்த்தேனா என்றால், பார்த்தேன். மாட்டுத் தீவனம், பருத்திப் புண்ணாக்கு, சுகந்தி என்று இருந்தது. பார்க்காமல் அழித்தேன் என்று சொன்னால் உங்களுக்குத் தெரியவா போகிறது, ஆனால் பார்த்தேன். செத்த வரிதானே, இருந்து என்ன, போய் என்ன என்று நினைத்தேன். அழித்தேன். சிவப்பு பச்சையாயிற்று. எல்லாம் முடிந்தபோது தொண்ணூற்றொன்று. அதைப் படம் பிடித்து கதிர்வேலுக்கு அனுப்பினேன். கட்டை விரல் தூக்கி ஒரு பொம்மை அனுப்பினான்.

தொண்ணூற்றொன்று சாதாரணமில்லை. எங்கள் ஊரில் எந்த சைட்டுக்கும் கிடையாது.

ஐப்பசியில் ஒரு நாள் போன். பேசுவது யார் என்றே முதலில் தெரியவில்லை. வாய் கோணிப்போன பேச்சு. தீபாவளி வருகிறது, அவரால் படியேற முடியாது, அதுதான் போன் செய்கிறார் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பேசியிருப்பார்போல. புதுசா மாத்திட்டானாமே என்றார். ஆமாங்க ஐயா என்றேன்.

“அது இருக்குதுங்களா?”

அப்போது அழித்து இரண்டு மாதம். மறுபடி போடுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. இருங்க ஐயா என்று போனைப் பிடித்துக்கொண்டே போட்டிருக்கலாம். மார்க் குறைந்துவிடுமே என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது பாருங்கள். நான் சொன்னேன்:

“இருக்குதுங்க ஐயா.”

சரிங்க தம்பி என்றார். வைத்துவிட்டார். பதினெட்டு நாள் கழித்துப் போய்விட்டார்.

முகப்புப் பக்கத்தில் கறுப்புக் கட்டம் கட்டி அறிவிப்புப் போட்டதும் நான்தான். கதிர்வேல் எழுதி அனுப்பியதை அப்படியே போட்டேன். மனைவி, மகன், மருமகள், பேரன் பேத்தி. அதோடு சரி.

பதினொன்றாம் நாள், பகல், கீழே பேக்கரியில் நின்றுகொண்டிருந்தேன். தெரியாத நம்பர். நாங்கள் செய்கிற எல்லாப் பக்கத்திலும் அடியில் சின்ன எழுத்தில் எங்கள் பெயரும் நம்பரும் இருக்கும். விளம்பரம்தான். அதைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்.

“அந்தத் தீவன மில் சைட் நீங்க பண்றதுங்களா? நான் சுகந்தி. சென்னியப்பனோட...”

அழவில்லை அண்ணா. ஆபீஸில் பேசுகிற மாதிரிதான் பேசினார். இத்தனை வருடம் அப்பா பெயரையோ மில் பெயரையோ தேடிப் பார்த்ததே இல்லை, அவருக்கு இருந்த பிடிவாதம் எனக்கும் இருந்தது என்றார். யாரோ இந்த அறிவிப்பை போனில் அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் முதல் தரமாக சைட்டைத் திறந்திருக்கிறார். ஒவ்வொரு பக்கமாகப் படித்திருக்கிறார். தவிட்டு விலை வரைக்கும் படித்தேன் என்றார். பிறகு, அவருடைய வேலையே சாஃப்ட்வேரில் பிழை பார்ப்பதாம், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பின்பக்கத்தையும் திறந்துவிடுவது கை பழக்கமாம். திறந்து பார்த்திருக்கிறார். மேலிருந்து கீழே வரைக்கும்.

யாரும் படிப்பதில்லை என்று நான் நினைத்தேன். இயந்திரம் படிப்பதில்லை. அது உண்மை, இப்போதும் சொல்வேன். மனுஷர் ஒருத்தர் வந்து படிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கிழவர் சொன்னது மாதிரியே, யாருக்கும் தெரியாமல், அந்தப் பெண்ணுக்கு மட்டும் வந்திருக்கும். நான் என் வேலையை எப்போதும்போல ஒழுங்கில்லாமல் செய்திருந்தாலே போதும். ஒரே ஒரு தரம் ஒழுங்காகச் செய்தேன்.

“பைத்தியக்காரத்தனமாத் தெரியலாம்,” என்றார். “பழைய சைட்டும் நீங்கதான் பண்ணியிருந்தா கேக்கறேன். அதுல எங்கயாவது என் பேர் இருந்துச்சுங்களா? அப்பா எப்பவாவது உங்ககிட்ட என் பேரைச் சொல்லியிருக்காருங்களா?”

பேக்கரியில் பாட்டு போட்டிருந்தான். கொஞ்சம் குறைடா என்று கை காட்டினேன். அந்த நேரத்தில் என்னென்னவோ ஓடுகிறது. இருந்தது என்றால் எங்கே என்பார். அழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். எப்போது என்பார். கதிர்வேலுக்குத் தெரிந்தால் என்ன ஆகும். சொத்து அது இது என்று ஏதாவது கிளம்பினால் என் பெயர் அடிபடும். யாருக்கும் தெரியக்கூடாது என்று அவர் அப்பாவே சொன்னதுதானே என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

“இல்லைங்க,” என்றேன்.

சரிங்க என்றார். பழைய கோப்பு ஏதாவது கிடைத்து, அதில் அப்பா கையெழுத்து, போட்டோ என்று என்ன இருந்தாலும் அனுப்புங்கள், நானே செலவு கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி இந்த விலாசத்தை அனுப்பினார். சரவணம்பட்டி. அவர் அப்பா டெல்லி என்று நினைத்துக்கொண்டிருந்தார். காங்கயத்திலிருந்து இரண்டு மணி நேர பஸ், வழியில் நின்றால் இரண்டரை.

இல்லாததை இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். இருந்ததை இல்லை என்று மகளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம், சாப்பிடத்தான் செய்கிறேன். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தப் பதினேழாவது இடத்துக்குக் கண் போகிறது.

கவரில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். வெடிகுண்டு இல்லை. பழைய பக்கத்தின் நகல் என்னிடம் இருந்தது, அந்த வரியை மட்டும் ஒரு தாளில் அச்செடுத்தேன். நாற்பத்தொரு சொல்லும் இருக்கிறது, புண்ணாக்கோடு சேர்த்துத்தான். பிரித்தெடுக்கலாமா என்று பார்த்தேன், மனது வரவில்லை. அப்புறம் சீட்டுகள். கம்பியில் தேடினேன், ஆறு கிடைத்தது. நடுவில் ஓட்டை. ஒன்றில் ஓட்டை சரியாக அந்த மார்க்கில் விழுந்திருக்கிறது, இருந்தாலும் படித்துவிடலாம். கூரியரில் போடத்தான் கடைக்குப் போனேன். அனுப்புகிறவர் பெயர் கேட்டான். வேறு பெயர் சொல்ல வாயெடுத்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். நேரில் வந்து உங்களிடம் கொடுத்தால் பெயர் வேண்டியிருக்காது என்று நினைத்தேன். நீங்கள் நோட்டை எடுத்து நீட்டினீர்கள்.

யார் அது, இப்போது ஸ்கூட்டரில் உள்ளே போனது? ஹெல்மெட்டோடு, பின்னால் காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. நீங்கள் எழுந்து கும்பிட்டீர்களே.

அவர்தானா.

நான் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைக் கை காட்டினீர்களா? காட்டவில்லை. நல்லது. இல்லை, நல்லதில்லை.

இண்டர்காம் அடிக்கிறேன் என்கிறீர்கள். அடிப்பதற்கு முன்னால் என்ன சொல்லட்டும் என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். வெப்சைட்காரர் வந்திருக்கிறார் என்றால் எதற்கு என்று கேட்பார். பழைய கோப்பு கொண்டுவந்திருக்கிறார் என்று சொல்லலாம். அவர் சந்தோஷப்பட்டு, நன்றிங்க என்று சொல்லி வாங்கிக்கொள்வார். இப்போதுதான் கிடைத்தது என்று நான் சொல்லலாம். சொன்னால் நம்பிவிடுவார். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். திருப்பூர் வருகிறதற்குள் நன்றாகவே அமைந்துவிட்டது.

அந்தப் பேனாவைக் கொடுங்கள்.

எழுதிவிட்டேன். கட்டம் போதவில்லை, அடுத்து வருகிறவருடைய வரியிலும் ஓடிவிட்டது, மன்னிக்க வேண்டும். இதுதான் எழுதியிருப்பது: 304-இல் இருக்கிற அம்மா, அப்பாவின் சைட்டில் தன் பெயர் இருந்ததா என்று போனில் கேட்டார், இல்லை என்றேன். இருந்தது. நான்தான் அழித்தேன். அவர் அப்பா கடைசியில் கேட்டபோது இருக்கிறது என்று பொய் சொன்னேன். கொண்டுவந்திருக்கிறேன்.

எழுத்து புரிகிறதா? எனக்கு அந்த போனை வாங்கிப் பேச வராது அண்ணா. நீங்களே இண்டர்காமில் படித்துவிடுங்கள். அந்த வரியில் இருப்பதை மட்டும், இருக்கிறபடி. பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். சத்தமாகப் படியுங்கள், நான் இங்கேயே நிற்கிறேன்.